திமிங்கிலச் சுறாவின் உடலமைப்பு

மீன்கள் யாவற்றினும் பெரியது திமிங்கிலச் சுறா. பெயரில் திமிங்கிலம் இருப்பினும் இது பாலூட்டியன்று. செவுள்களால் சுவாசிக்கும் குருத்தெலும்பு மீனேயாகும். திமிங்கிலத்தின் வால் கிடையாக அமைந்து மேலும் கீழும் அசையும். இதன் வாலோ செங்குத்தாக நின்று இருபுறமும் அசையும். இவ்வேறுபாட்டை ஆசிரியர்கள் மாணவர்க்கு முதலில் விளக்குதல் நலம்.

1828-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கக் கடலிற் பிடிபட்ட மீனொன்றைக் கொண்டு ஆண்ட்ரூ சுமித் என்பவர் இவ்வினத்தை முதன்முதலாக விவரித்தார். 12 மீட்டருக்கு மேற்பட்ட நீளமுள்ள மீன்களும் பதிவாகியுள்ளன.

பெரும்பாலான சுறாக்களுக்கு வாய் தலையின் அடிப்புறத்தில் உள்ளது. இதற்கோ அகன்ற வாய் தலையின் முன்நுனியிலேயே அமைந்துள்ளது. தாடைகளில் நூற்றுக்கணக்கான வரிசைகளாகப் பற்கள் இருப்பினும் அவை மிக நுண்ணியவை. இரையைக் கடிப்பதற்குப் பயன்படுவதில்லை. வாயினுள் இழுத்த நீர், தலையின் இருபுறமும் உள்ள ஐந்தைந்து நீண்ட செவுட்பிளவுகளின் வழியே வெளியேறுகின்றது. அப்போது சல்லடை போன்ற திசுக்கள் மிதவை நுண்ணுயிர்கள், மீன் முட்டைகள், சிறு மீன்கள் ஆகியவற்றைத் தடுத்து நிறுத்துகின்றன. அவையே இதன் உணவாகும். எனவே, உருவிற் பெரிதாயினும் இது மனிதரை வேட்டையாடுவதில்லை.

முதுகு சாம்பல் நிறமாகவோ பழுப்பாகவோ இருக்கும். அதன்மேல் வெண்புள்ளிகளும் வெளிர்கோடுகளும் கட்டம் கட்டினாற்போல் விளங்கும். வயிறு வெண்மையானது. உடலின் நெடுகிலும் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று வரம்புகள் புடைத்துத் தோன்றும். புள்ளிகளின் அமைப்பு மீனுக்கு மீன் வேறுபடுவதால், நிழற்படங்களை ஒப்பிட்டுத் தனித்தனி மீன்களை இனங்காண இயலும்.

முன்னர் குஜராத் கடற்கரையில் இறைச்சிக்காகவும், மரப்படகுகளுக்குப் பூசும் ஈரல் எண்ணெய்க்காகவும் இம்மீன் வேட்டையாடப்பட்டது. 2001-இல் இது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டது. 2004-இல் தொடங்கிய விழிப்புணர்வு இயக்கத்தின் பின்னர், அங்குள்ள மீனவர்கள் தங்கள் வலையையே அறுத்து இம்மீனை விடுவித்து வருகின்றனர்.

வலையிற் சிக்கிய மீனை மேலே தூக்காமலே இனங்காண இயலுமென்பதைக் களப்பணியாளர் நினைவிற் கொள்ளல் வேண்டும். முதுகின் புள்ளிகளும் பக்க வரம்புகளும் நுனிவாயும் ஒருங்கே காணப்படின் ஐயத்திற்கு இடமில்லை. வாலிற் கயிறு கட்டி இழுத்தலும், செவுட்பிளவுகளிற் கொக்கி மாட்டுதலும் மீனுக்குக் கேடு விளைவிக்கும். நீரில் இருக்கும்போதே வலையை அறுத்து விடுவித்தலே தக்க முறையாகும்.