பூட்டி வைத்த இன்ஹேலர்

ஏழாம் வகுப்பில் அறிவியல் பாடம். விளையாட்டுப் பாடவேளை முடிந்து வந்த மாணவி ஒருத்தி இருமிக்கொண்டே இருந்தாள். "என்னம்மா?" என்றேன். "வீசிங், டீச்சர்" என்றாள். அதற்குமேல் பேச்சு வரவில்லை. பதற்றத்தில் அவளைப் பெஞ்சில் படுக்க வைத்தேன். அது தவறு, படுத்தால் திணறல் கூடும். நிமிர்ந்து, சற்றே முன்சாய்ந்து உட்கார வைத்திருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய தவறு வேறு. அவள் அம்மா கொடுத்திருந்த இன்ஹேலரை, பத்திரமாக இருக்கட்டுமென்று அலுவலக பீரோவில் பூட்டியிருந்தேன். சாவி வரும்வரை அவள் விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளிழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆஸ்துமாவில் மூச்சுக்குழல் தசைகள் இறுகுகின்றன, உட்சுவரும் வீங்குகிறது. சால்புட்டமால் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும், வீக்கத்தைக் குறைக்காது. அதற்குத் தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர் வேண்டும். ஆகவே, வாரத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் ஒரு குழந்தைக்கு நிவாரண இன்ஹேலர் தேவைப்பட்டால் பெற்றோரை அழைத்து, மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, ஒருமுறை மட்டும் அழுத்த வேண்டும். குழந்தை அதன் வழியே நான்கு முறை மூச்சு விட்டு இழுக்கட்டும். மறுபடி குலுக்கி, அடுத்தது. (நம் பிள்ளைகள் அவசரத்தில் இரண்டு மூன்றைச் சேர்த்தே அழுத்திவிடுவார்கள்.) மருத்துவர் அந்தக் குழந்தைக்கு எழுதித் தந்த அளவே அளவு. பொதுவாக நான்கு முறை கொடுத்து, நான்கு நிமிடம் பார்க்கிறார்கள். குறையாவிட்டால் 108-ஐ அழைத்துவிட்டு, மீண்டும் நான்கு. வாக்கியம் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் காத்திருக்கவே கூடாது. உடனே 108, வண்டி வரும்வரை மருந்து. பின்னர் கை லேசாக நடுங்கலாம், படபடப்பு வரலாம்; பயப்பட வேண்டாம்.

குப்பியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது வீண்வேலை. மருந்து தீர்ந்த பிறகும் வாயு மட்டும் பீய்ச்சும். எண் காட்டி இல்லாத குப்பியென்றால் பயன்படுத்தியதைக் குறித்து வையுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

அவள் இன்ஹேலர் இப்போது அவள் பையின் முன் ஜிப்பில் இருக்கிறது. அவள் அம்மா வாங்கித் தந்த இன்னொன்று, வகுப்பறையில் பூட்டில்லாத முதலுதவிப் பெட்டியில்.