அறுபது சீட்டும் ஒரு கணக்கும்

சீட்டாட்டம் என்றாலே வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிப்பது வழக்கம். மாணவ நண்பர்களே, இங்கே நாம் பேசப்போவது காசு வைத்து ஆடும் சீட்டு அன்று. உங்களில் சிலர் கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் ஆடிவரும் ‘மேஜிக்: தி கேதரிங்’ என்னும் ஆட்டத்தைப் பற்றியது இக்கட்டுரை. இதை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டு ஓர் அமெரிக்கக் கணித வல்லுநர். வரிசைமாற்றங்கள், சேர்மானங்கள் பற்றிய கணிதத் துறையில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். 1993ஆம் ஆண்டு அச்சிட்ட சீட்டுகளாக இந்த ஆட்டம் வெளிவந்தது. ‘மேஜிக் அரீனா’ என்ற கணிப்பொறி வடிவம் 2019இல் முழுமையாக வெளியாயிற்று.

ரம்மியில் எல்லோருக்கும் ஒரே கட்டு. இங்கோ ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த சீட்டுகளைத் தேர்ந்து, தம் கட்டைத் தாமே அமைத்துக்கொண்டு வருகிறார்கள். கட்டில் குறைந்தது 60 சீட்டுகள் இருக்க வேண்டும். ஒரே பெயருள்ள சீட்டு நான்குக்கு மேல் கூடாது. அடிப்படை நிலச் சீட்டுக்கு மட்டும் இந்த வரம்பு இல்லை. இருவருக்கும் 20 உயிர்ப் புள்ளிகள். தொடக்கத்தில் கையில் 7 சீட்டுகள். பிறகு முறைக்கு ஒன்றாக மேலிருந்து எடுக்க வேண்டும். முதலில் ஆடுபவருக்கு மட்டும் முதல் முறையில் சீட்டு கிடையாது.

நிலச் சீட்டு எரிபொருள் போன்றது. முறைக்கு ஒரு நிலத்தைத்தான் இறக்கலாம். ஒவ்வொரு நிலமும் முறைக்கு ஓர் அலகு ‘மானா’ தரும். வீரர், விலங்கு, மந்திரம் முதலிய மற்றச் சீட்டுகளுக்கெல்லாம் மானாவில் விலை உண்டு. நிலம் வராவிட்டால் கையில் எத்தனை நல்ல சீட்டு இருந்தும் பயன் இல்லை. நிலமே வந்துகொண்டிருந்தாலோ, அடுப்பு எரிகிறது, உலையில் போட அரிசி இல்லை என்ற கதைதான்.

புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் செய்யும் முதல் தவறு, பிடித்த சீட்டையெல்லாம் சேர்த்து 80 சீட்டுக் கட்டு அமைப்பது. இதில் என்ன தவறு என்று கணக்கிட்டே பார்த்துவிடலாம். நீங்கள் பெரிதும் நம்பியிருக்கும் ஒரு சீட்டை நான்கு படிகள் வைத்திருக்கிறீர்கள் எனக் கொள்வோம். முதல் ஏழில் அவற்றுள் ஒன்றாவது வருமா?

நான்கு சீட்டுகளின் பக்கம் இருந்து பாருங்கள். கலைத்த கட்டில் 60 இடங்கள். மேலே உள்ள 7 இடங்கள் உங்கள் கைக்கு வரும், மீதி 53. நம் சீட்டு அந்த 53 இடங்களில் ஒன்றில் போய் அமரும் நிகழ்தகவு 53/60. இரண்டாவது சீட்டுக்கு மிஞ்சியிருப்பவை 59 இடங்கள். அது கைக்கு வராத வாய்ப்பு 52/59. இப்படியே 51/58, 50/57. நான்கையும் பெருக்கினால் 0.60. அதாவது ஒன்றுகூட வராத வாய்ப்பு 60 விழுக்காடு. ஒன்றாவது வரும் வாய்ப்பு 40. இதையே 80 சீட்டுக் கட்டுக்குச் செய்தால் 73/80, 72/79, 71/78, 70/77 ஆகியவற்றின் பெருக்கல் 0.69, வரும் வாய்ப்பு 31 விழுக்காடாகிவிடுகிறது. நாம் சேர்த்த ஒவ்வொரு சுமாரான சீட்டும் நல்ல சீட்டைக் கீழே தள்ளுகிறது. எனவேதான் தேர்ந்த ஆட்டக்காரர்களின் கட்டில் பெரும்பாலும் சரியாக 60 சீட்டுகள் இருக்கும். தொடக்கத்திலேயே தேவைப்படும் சீட்டு நான்கு. ஆட்டத்தின் பிற்பகுதியில் ஒன்று வந்தால் போதும் என்பது ஒன்றோ இரண்டோ.

இரண்டாவது தவறு, ‘நிலம் சண்டை போடாதே’ என்று அதைக் குறைப்பது. 60இல் 24 நிலம் என்பது பரவலான வழக்கம். இந்தக் கட்டில் முதல் ஏழில் நிலம் 2, 3 அல்லது 4 ஆக அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 77 விழுக்காடு. ஒன்றோ, ஒன்றுமே இல்லாமலோ வருவது 14 விழுக்காடு. நிலத்தை 18 ஆகக் குறைத்துப் பாருங்கள். இந்த 14 என்பது 31 ஆகிவிடும். மூன்று ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒன்று தொடங்கும்போதே தடுமாறும் என்று பொருள். மலிவான சீட்டுகளாகவே நிறைந்த வேகக் கட்டுக்குச் சற்றுக் குறைவான நிலம் போதும். விலையுயர்ந்த சீட்டுகளை நம்பிப் பொறுமையாக ஆடும் கட்டுக்கு இன்னும் சில நிலங்கள் வேண்டும். எந்த நிறச் சீட்டுக்கு எத்தனை நிலம் தேவை என்பதை, ஃபிராங்க் கார்ஸ்டன் என்னும் டச்சு ஆட்டக்காரர் கணக்கிட்டு அட்டவணைகளாகவே வெளியிட்டிருக்கிறார்.

கணக்கு கட்டு அமைப்பதோடு நிற்பதில்லை. கையில் இரண்டு நிலம், ஐந்து மற்றச் சீட்டுகள். வைத்துக்கொள்வதா? அல்லது புதிதாக ஏழு எடுத்து, அதில் ஒன்றைக் கட்டின் அடியில் வைத்துவிட்டு ஆறோடு ஆடுவதா? மீதி 53 சீட்டுகளில் 22 நிலங்கள், 31 மற்றவை. நீங்கள் இரண்டாவதாக ஆடுபவரானால் மூன்றாம் முறைக்குள் 3 சீட்டுகள் எடுப்பீர்கள். மூன்றும் நிலமல்லாதவையாக இருக்கும் வாய்ப்பு (31 × 30 × 29) ÷ (53 × 52 × 51), அதாவது 19 விழுக்காடு. ஆக, 81 விழுக்காடு மூன்றாவது நிலம் உரிய நேரத்தில் வந்துவிடும். முதலில் ஆடுபவருக்கு எடுப்பு இரண்டுதான். அவருக்கு 66 விழுக்காடு. ஒரே கை, யார் முதலில் என்பதைப் பொறுத்துத் துணிவும் மாறத்தான் வேண்டும். என்னைக் கேட்டால், இரண்டாவதாக ஆடும்போது, மற்ற ஐந்தும் மலிவானவையாக இருந்தால், வைத்துக்கொள்வேன்.

இனி, நான் அடிக்கடி கேட்கும் ஒரு முறையீடு: “ஐயா, கணிப்பொறி ஏமாற்றுகிறது. தொடர்ந்து ஐந்து நிலமாகவே வந்தது!” வகுப்பில் இதற்கு ஒரு சோதனை செய்வதுண்டு. பாதிப் பேர் நாணயத்தை 100 தடவை சுண்டி, பூவா தலையா என்று வரிசையாக எழுத வேண்டும். மற்றப் பாதி சுண்டாமல் மனத்தாலேயே ‘சுண்டி’ எழுத வேண்டும். தாள்களைக் கலந்து கொடுத்தாலும் எது எது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். உண்மையான வரிசையில் ஐந்தாறு பூவோ தலையோ தொடர்ந்து வரும் இடம் அநேகமாக இருக்கும். மனம் கட்டிய வரிசையில் அது அரிது. மூன்று பூ வந்ததும் ‘போதும்’ என்று கை தலைக்கு மாறிவிடும். குருட்டுவாக்கு என்பது சீரான பரவல் அன்று. அதில் கொத்துக் கொத்தாகத்தான் வரும்.

கையால் கலைப்பதும் நாம் நினைக்கிற அளவு நல்ல கலைப்பு அன்று. கட்டை இரண்டாகப் பிரித்து, விளிம்புகளைக் கோத்துச் சரசரவென இறக்கும் முறையில், 52 சீட்டுகள் நன்றாகக் கலைய ஏழு தடவையாவது வேண்டும் என்று பேயர், டயகோனிஸ் ஆகிய இரு அறிஞர்கள் 1992இல் காட்டினர். யார் அவ்வளவு பொறுமையாகக் கலைக்கிறார்கள்! கணிப்பொறியில் பொதுவாகக் கையாளும் முறை ஃபிஷர், யேட்ஸ் என்பவர்கள் 1938இல் வெளியிட்டதிலிருந்து வளர்ந்தது. 60 சீட்டில் ஒன்றைக் குருட்டுவாக்கில் எடுத்துக் கடைசியில் வை. மீதி 59இல் ஒன்றை எடு. பிறகு 58இல் ஒன்று என்று இறுதிவரை. இதில் எல்லா வரிசைகளுக்கும் சம வாய்ப்பு.

ஒன்றை மறைக்கக் கூடாது. அரீனாவில் ஒரே ஆட்டத்தோடு முடியும் போட்டிகளில், கணிப்பொறி ஒன்றுக்கு மேற்பட்ட தொடக்கக் கைகளை எடுத்துப்பார்த்து, கட்டின் நில விகிதத்துக்கு நெருங்கியதைத் தர முனைகிறது. நிறுவனமே இதை அறிவித்திருக்கிறது. இத்திருத்தம் ஆட்டக்காரருக்குச் சாதகமானதே. மேலே போட்ட தொடக்கக் கைக் கணக்குகள் மூன்று ஆட்டப் போட்டிகளுக்குப் பொருந்தும்.

கட்டு அமைந்துவிட்டது. அது நல்ல கட்டா என்று எப்படி அறிவது? பத்து ஆட்டத்தில் ஏழு வென்றதும் துள்ளுவதும், ஏழு தோற்றதும் கட்டைக் கலைத்துவிட்டுப் புதுச் சீட்டுப் பொட்டலம் வாங்க அப்பாவிடம் பணம் கேட்பதும் நடக்கிறது. ஒன்றுக்கொன்று சமமான கட்டுகளே மோதினாலும், பத்தில் ஏழோ அதற்கு மேலோ வெல்லும் வாய்ப்பு 176/1024, அதாவது 17 விழுக்காடு. பத்து நாணயங்களைச் சுண்டி நீங்களே இதைச் சரிபார்க்கலாம். ஏழு தோற்கும் வாய்ப்பும் அதுவே.

ஊசலின் அலைவு நேரத்தை ஒரே தடவை அளந்து விடை எழுதினால் ஆய்வகத்தில் மதிப்பெண் கிடைக்காது அல்லவா? இதுவும் ஓர் அளவீடுதான். ஆட்டங்களின் எண்ணிக்கை n ஆனால், வெற்றி விகிதத்தில் வரும் பிழை ஏறத்தாழ 0.5 ÷ √n. 100 ஆட்டத்துக்கு இது 5 விழுக்காடு. 50 விழுக்காடு வெல்லும் கட்டையும் 55 விழுக்காடு வெல்லும் கட்டையும் ஓரளவு உறுதியாகப் பிரித்தறிய, பிழையை 2.5 விழுக்காடாகக் குறைக்க வேண்டும். அதற்கு 400 ஆட்டங்கள் தேவை. பள்ளி நாட்களில் 400 ஆட்டம் ஆடுவது நடவாத காரியம், ஆடவும் வேண்டாம். வெற்றி தோல்வியை மட்டும் எண்ணாமல், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: தொடக்கத்தில் எத்தனை நிலம், யார் முதலில், தோற்றபோது கையில் தங்கிவிட்ட சீட்டு எது, எதிராளியின் கட்டு வேகக் கட்டா பொறுமைக் கட்டா. விலை ஐந்துள்ள ஒரே சீட்டு முப்பது ஆட்டத்தில் பன்னிரண்டு தடவை கையிலேயே தங்கியிருந்தால், அதை எடுத்துவிட்டு இரண்டு விலையுள்ள ஒன்றை வைத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு சீட்டை மட்டும் மாற்றுங்கள். ஐந்தாறைச் சேர்த்து மாற்றினால், எந்த மாற்றத்தால் எது நேர்ந்தது என்பது தெரியாமலே போய்விடும்.