பின்னோக்கிச் செல்லும் பொத்தான்: கற்போர் கைக்கொள்ள வேண்டிய கருவி

வகுப்பறையில் ஆசிரியர் கூறும் பாடம் ஒருமுறைதான் காதில் விழும். விளங்காத மாணவன் கையை உயர்த்திக் கேட்கலாம்; கூச்சமுள்ளவன் கேளாமலே இருந்துவிடுவான். பதிவு செய்யப்பெற்ற பாடமோ அத்தகையதன்று. அதனை நிறுத்தலாம், பின்னோக்கிச் செலுத்தலாம், விளங்கும் வரை பத்து முறையும் கேட்கலாம். இவ்வசதி இன்று நம் கைத்தொலைபேசியிலேயே இருக்கிறது. எனினும், அதனை நம் தேவைக்கேற்ப அமைத்துக்கொண்டவர் சிலரே.

பினாங்கு காட்டிய வழி

வேலை செய்துகொண்டே கற்பதற்கு நம் நாட்டில் முதலில் வழி திறந்த இடம் பினாங்கு. 1969 இல் அங்கு நிறுவப்பெற்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், 1971 இல் வளாகத்திற்கு வெளியே இருப்போருக்கான பட்டப்படிப்பைத் தொடங்கியது. 2006 இல் ஜார்ஜ்டவுன் நகரில் வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. இவ்வாறு வீட்டிலிருந்து கற்பவருக்குப் பக்கத்தில் ஆசிரியர் இல்லை. ஆகவே, பதிவான பாடத்தைத் திரும்பக் கேட்கும் வசதியே அவருக்கு உற்ற துணையாகிறது.

இதன் அருமையை 2020 மார்ச் 18 இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபொழுது நாம் அனைவரும் உணர்ந்தோம். பள்ளிகள் மூடப்பட்டன. 2021 பிப்ரவரி 17 இல் கல்வியமைச்சின் டிடிக் டிவி ஒளிபரப்புத் தொடங்கியது. ஒளிபரப்பாகும் பாடம் எவருக்காகவும் காத்திராது. அதே பாடம் இணையத்தில் பதிவாகக் கிடைக்கும்பொழுது, அது மாணவனுக்காகக் காத்திருக்கிறது.

நாடாவும் இணையமும்

1976 இல் ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் வி.எச்.எஸ். வீடியோ நாடாவை வெளியிட்டது. அந்நாடாவில் நூறாவது மரத்தை அடைய வேண்டுமாயின், நிரையில் உள்ள தொண்ணூற்றொன்பது மரங்களையும் கடந்தே செல்ல வேண்டும். நாடா சுழன்று முடியும் வரை நாம் காத்திருந்தோம்.

இணையக் காணொளி அவ்வாறன்று. அது சில விநாடி அளவுள்ள சிறுசிறு துண்டுகளாக வெட்டி வைக்கப்பெற்றுள்ளது. நாம் தொடும் இடத்திற்குரிய துண்டு மட்டும் வரவழைக்கப்படுகிறது. அடுத்து வரவேண்டிய சில துண்டுகளையும் தொலைபேசி முன்கூட்டியே பெற்று வைத்துக்கொள்ளும். அதனால், சற்று முன் கேட்டதையே திரும்பக் கேட்டால் பெரும்பாலும் தாமதம் இராது. நெடுந்தொலைவு தாவினால் புதிய துண்டுகள் வர வேண்டும். அலைவரிசை குன்றிய தோட்டப்புறங்களில் படம் சற்று நின்று பின் தொடர்வது இதனாலேயே.

நமக்கேற்ப அமைக்கும் முறை

யூடியூப் செயலியில் திரையின் இடப்புறத்தை இருமுறை தட்டினால் காணொளி பின்னே செல்லும். வலப்புறத்தைத் தட்டினால் முன்னே செல்லும். வழக்கமாக அது 10 விநாடி தாவும். அமைப்புகள் பகுதிக்குச் சென்று இந்த அளவை 5 விநாடி முதல் 60 விநாடி வரை மாற்றிக்கொள்ளலாம்.

எந்த அளவு யாருக்குப் பொருந்தும்? மலாய் அல்லது ஆங்கிலச் சொல்லின் ஒலிப்பைப் பழகும் சிறுவனுக்கு 5 விநாடி போதும். கணக்கின் ஒரு படியைத் திரும்பக் காண்பவனுக்கு 15 அல்லது 20 விநாடி ஏற்றது. நீண்ட விளக்கவுரையைக் கேட்பவருக்கு 30 விநாடி உதவும். கணினியில் காண்போர் ‘ஜே’ எழுத்தை அழுத்தினால் 10 விநாடி பின்னேயும், ‘எல்’ எழுத்தை அழுத்தினால் 10 விநாடி முன்னேயும் செல்லலாம். ‘கே’ எழுத்து நிறுத்தும்.

வேகத்தையும் மாற்றலாம். பேச்சு விரைவாகத் தோன்றினால் 0.75 என்னும் அளவைத் தெரிந்தெடுத்தால் சொற்கள் தெளிவாக விழும். நெட்பிளிக்ஸ் நிறுவனம் இவ்வசதியை 2019 இல் சோதித்தபொழுது, தம் படைப்பு சிதையும் எனத் திரைப்பட இயக்குநர் சிலர் எதிர்த்தனர். ஆயினும், 2020 இல் அது நடைமுறைக்கு வந்தபொழுது அமெரிக்காவின் காதுகேளாதோர் சங்கமும் பார்வையற்றோர் சங்கமும் அதனை வரவேற்றன. ஒருவருக்கு வேடிக்கையாகத் தோன்றும் வசதி, மற்றொருவருக்கு இன்றியமையாத தேவையாகிறது என்பதற்கு இதுவே சான்று.

விரைவு கல்வியாகாது

முன்னோக்கிச் செல்லும் பொத்தானைக் கையாளுவதில் எச்சரிக்கை தேவை. ஒரு மணி நேரப் பாடத்தைத் தாவித் தாவி பத்து நிமிடத்தில் முடிக்கும் பிள்ளை, பாடத்தைப் பார்த்தானேயன்றிப் படித்தானல்லன். அவசரமாக வெட்டிய மரத்தில் பட்டை காயப்படுவது போலவே, அவசரமாகக் கேட்ட பாடத்திலும் அறிவு ஊறுவதில்லை.

ஆகவே, பெற்றோர் ஓர் எளிய முறையைக் கைக்கொள்ளலாம். ஒரு பகுதி முடிந்ததும் காணொளியை நிறுத்தி, கேட்டதைத் தமிழில் தம் சொந்தச் சொற்களில் கூறுமாறு பிள்ளையைக் கேட்க வேண்டும். கூறிவிட்டால் மேலே செல்லலாம். தடுமாறினால் பின்னே சென்று மீண்டும் கேட்கச் செய்யலாம். இதற்குப் பெற்றோர் அப்பாடத்தைக் கற்றிருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளையின் அருகில் அமர்ந்து செவிமடுத்தாலே போதும்.

மீண்டும் கேட்பது இழுக்கன்று. விளங்காததை விளங்கும் வரை கேட்பவனே முன்னேறுகிறான். பாடத்தின் வேகத்திற்கு நம் பிள்ளைகள் ஓடி இளைக்க வேண்டாம். அவர்களுடைய வேகத்திற்குப் பாடத்தை நடக்கச் செய்வோமாக!