அடுப்படியில் பேசும் ஆங்கிலம்

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை விடுதியாக்கி நடத்துகிறார்கள். அங்கே சமையல் என் பொறுப்பு. பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்தவள். வெளிநாட்டு விருந்தினர்கள் அடுப்படிக்கே வந்து நின்று, ‘இது என்ன, ஏன் போடுகிறீர்கள்’ என்று ஆசையாகக் கேட்பார்கள். எனக்கு வாய் கட்டிப்போய்விடும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன். பன்னிரண்டு டென்ஸையும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். எழுத வருகிறது, பேச வரவில்லை. போன வாரம் ஒருவருக்கு நண்டு மசாலா வைத்துவிட்டு, காரம் என்று எச்சரிப்பதற்காக ‘ஹாட்’ என்றேன். அவர் சூடு என்று நினைத்து ஆறவிட்டுச் சாப்பிட்டார். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது அவருக்கு. சமையலை வைத்தே ஆங்கிலம் கற்றுக்கொள்ள முடியுமா? வகுப்பைத் தொடரட்டுமா?

— ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் சொன்ன சொல்லில் தவறே இல்லை. ‘ஹாட்’ என்பது ஆங்கிலத்தில் சூட்டுக்கும் காரத்துக்கும் பொது. ஆவி பறக்கும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் யாரும் சூடு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். காரத்துக்கு ‘ஸ்பைசி’ என்று சொல்லுங்கள். அதிலும் சந்தேகம் வரலாம், மசாலா மணம் நிறைந்தது என்றும் அதற்குப் பொருள் உண்டு. ‘இட் ஹேஸ் எ லாட் ஆஃப் சில்லி’ என்று சேர்த்துவிட்டால் குழப்பமில்லை.

சமையலை வைத்துக் கற்க முடியுமா என்று கேட்கிறீர்கள். உங்களைப் பொறுத்தவரை அதுதான் சரியான வழி. காரணம், சமையலில் உங்கள் கைக்கு எல்லாம் தெரியும். என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டியதில்லை, எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் மிச்சம். வகுப்பில் இரண்டையும் ஒரே நேரத்தில் தேட வைக்கிறார்கள். அங்கேதான் வாய் கட்டிப்போகிறது.

அட்டவணையில் இருக்கும் பன்னிரண்டில் இரண்டை மட்டும் இப்போதைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது, கை இப்போது செய்துகொண்டிருப்பது: ‘ஐ ஆம் கட்டிங் தி ஆனியன்ஸ்’, ‘ஐ ஆம் கிரைண்டிங் தி மசாலா’. இரண்டாவது, வழக்கமாகச் செய்வது: ‘வீ ஆட் கல்பாசி’, ‘வீ யூஸ் செசமி ஆயில்’. இந்த இரண்டாவதில்தான் தமிழர்கள் எல்லாரும் சறுக்குகிறோம். ‘எங்க ஊர்ல குழம்புக்குக் கல்பாசி போடுவோம்’ என்றுதானே சொல்வோம்? ‘போடுவோம்’ என்பது தமிழில் எதிர்காலம், வழக்கத்தையும் அதே வடிவத்தில்தான் சொல்கிறோம். அதை அப்படியே கொண்டுபோய் ‘வீ வில் புட் கல்பாசி’ என்று சொன்னால், விருந்தினர் இனிமேல்தான் போடப்போகிறீர்கள் என்று நினைத்துச் சட்டியை எட்டிப் பார்ப்பார். ‘தினமும் அஞ்சு மணிக்கு எழுந்திருப்பேன்’ என்பதை ‘டெய்லி ஐ வில் கெட் அப்’ என்று சொல்வதும் இதே வழுக்கல்தான். மனசுக்குள் ‘போடுவோம், சேர்ப்போம், அரைப்போம்’ என்று வந்தால் ஆங்கிலத்தில் ‘வில்’ வேண்டாம். ‘வீ ஆட்’, ‘வீ கிரைண்ட்’, அவ்வளவுதான். இதை ஒரு மாதம் விடாமல் கவனித்தீர்களானால், ஒரு வருட வகுப்பில் வராத திருத்தம் வந்துவிடும்.

இன்னொரு காலமும் உங்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்கிறோமே, அந்த ‘ஆச்சா’வுக்கு ஆங்கிலத்தில் ‘ஹேவ் யூ ஈட்டன்?’ என்பதுதான் சரியான இணை. மாவு அரைச்சாச்சு, ‘ஐ ஹேவ் கிரவுண்ட் தி பேட்டர்’. ‘ஆச்சு’ வரும் இடத்தில் ‘ஹேவ்’ போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும். ‘நேற்று’, ‘காலையில்’ என்று நேரம் குறித்துச் சொன்னால் மட்டும் ‘ஹேவ்’ கூடாது: ‘ஐ கிரவுண்ட் இட் யெஸ்டர்டே’.

சொற்களுக்கு வருவோம். சமையல் வினைகளில் தமிழ் மிகவும் நுட்பமானது, அதனால் உங்களுக்கு வேலை சுலபம். எண்ணெய் இல்லாமல் வறுத்தால் ‘ட்ரை ரோஸ்ட்’. கொஞ்சம் எண்ணெயில் வதக்கினால் ‘ஸாட்டே’. முங்க முங்க எண்ணெயில் பொரித்தால் ‘டீப் ஃப்ரை’. ஆவியில் அவித்தால் ‘ஸ்டீம்’. கொதித்தால் ‘பாயில்’. அடுப்பைச் ‘சிம்’மில் வை என்கிறோமே, அது ‘சிம்மர்’ என்ற ஆங்கில வினையின் தலைப்பகுதி. அடங்கிய தீயில் மெல்லக் கொதிப்பது என்று பொருள். குமிழில் எழுதியிருப்பதை இத்தனை வருடம் திருப்பியிருக்கிறீர்கள், முழுச் சொல்லையும் இனிச் சொல்லுங்கள்.

நம் ஊரில் ஆங்கிலம் என்று நினைத்துப் பேசும் சில சொற்கள் வெளிநாட்டவரைத் திகைக்க வைக்கும். பிரிட்டனில் ‘குக்கர்’ என்றால் அடுப்பு, ஆகவே ‘பிரஷர் குக்கர்’ என்று முழுதாகச் சொல்ல வேண்டும். ‘மிக்ஸி’ அவர்களுக்குப் புரியாது, ‘பிளெண்டர்’ புரியும். அவர்கள் ‘கிரேவி’ என்பது வாட்டிய இறைச்சியின் சாற்றில் செய்வது, நம் குழம்பு அல்ல. ‘டிரம்ஸ்டிக்’ சாம்பார் என்றால் கோழிக்கால் மிதக்கும் என்று எதிர்பார்ப்பார்கள், சைவ உணவுக்காரர் பதறியே போவார். ‘மொரிங்கா பாட்ஸ்’ என்று சொல்லி, சதையை மட்டும் சப்பிவிட்டுச் சக்கையைத் துப்பிவிட வேண்டும் என்று செய்தும் காட்டுங்கள். கத்திரிக்காய்க்குப் ‘பிரிஞ்சால்’ இந்தியாவில் செல்லும். இங்கிலாந்துக்காரருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் ‘ஆபர்ஜீன்’, அமெரிக்கருக்கு ‘எக்பிளாண்ட்’. கொத்தமல்லித் தழை அமெரிக்கருக்குச் ‘சிலாண்ட்ரோ’.

சொல்லே இல்லாத இடத்தில் தேடி அலையாதீர்கள். தாளிப்பதை நம் சமையல் புத்தகங்கள் ‘டெம்பரிங்’ என்கின்றன. பல வெளிநாட்டவருக்கு அது சாக்லேட் வேலையில் வரும் சொல். செயலைச் சொல்லுங்கள்: ‘வீ ஹீட் ஆயில். வீ ஆட் மஸ்டர்ட் சீட்ஸ். தே பாப். தென் வீ போர் இட் ஓவர் தி டிஷ்.’ நான்கு சின்ன வாக்கியங்கள், ஒன்றிலும் தடுமாற இடமில்லை. பணியாரத்தையும் கல்பாசியையும் மொழிபெயர்க்க வேண்டாம். பெயரைத் தமிழிலேயே சொல்லிவிட்டு, பாறையிலும் மரத்திலும் படரும் ஒரு ‘லைக்கன்’ என்று ஒரு வரி விளக்கினால் அவர்கள் கண் விரியும்.

அளவுகளைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அரிசி, உப்பு, எண்ணெய், ரொட்டி ஆகியவற்றை ஆங்கிலம் எண்ணாது. ‘டூ பிரெட்ஸ்’ என்று சொல்லக்கூடாது, ‘டூ ஸ்லைசஸ் ஆஃப் பிரெட்’. நாமும் இரண்டு உப்பு என்பதில்லையே. ஒரு சிட்டிகை உப்பு, ‘எ பின்ச் ஆஃப் சால்ட்’. ஒரு பல் பூண்டு, ‘எ க்ளோவ் ஆஃப் கார்லிக்’. ஒரு கொத்து கறிவேப்பிலை, ‘எ ஸ்ப்ரிக் ஆஃப் கர்ரி லீவ்ஸ்’. ‘எ’, ‘தி’ எங்கே என்ற பயமும் இங்கேயே தீரும்: முதலில் அறிமுகப்படுத்தும்போது ‘அன் ஆனியன்’, அதையே மறுபடி சொல்லும்போது ‘தி ஆனியன்’. அச்சில் வரும் செய்முறைகளைப் பார்த்து மட்டும் பேசாதீர்கள். அவை இடம் மிச்சப்படுத்த ‘தி’யை விழுங்கிவிடும்.

பரிமாறும்போது நம் அன்பே நமக்கு எதிராகத் திரும்பும். ‘சாப்பிடுங்க, சாப்பிடுங்க’ என்பதை ‘ஈட், ஈட்’ என்றால் அதட்டலாகக் கேட்கும். ‘வுட் யூ லைக் சம் மோர்?’ என்ற ஒரே வாக்கியம் போதும். ‘நோ, தேங்க் யூ’ என்றால் அது உண்மையான மறுப்பு, இன்னொரு கரண்டி வைக்காதீர்கள்.

கேட்டுப் பழக ஒருவரைச் சொல்கிறேன்: மதுர் ஜாஃப்ரி. 1982இல் பிபிசி தொலைக்காட்சியில் இந்தியச் சமையலைப் பிரிட்டிஷ் மக்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். ஒரு கலையை அறியாதவருக்கு எப்படி எளிய ஆங்கிலத்தில் சொல்வது என்பதற்கு அவர்தான் பாடம். படிக்க, சுமீத் நாயரும் மீனாட்சி மெய்யப்பனும் எழுதிய ‘தி பங்களா டேபிள்’ இருக்கிறது. உங்கள் செட்டிநாட்டுச் சமையலே அதில் ஆங்கிலத்தில் இருப்பதால் அகராதி அதிகம் தேவைப்படாது.

வகுப்புக்கு அடுத்த மாதப் பணத்தைக் கட்டாதீர்கள். தினமும் ஒரே ஒரு பதார்த்தத்தைச் செய்யும்போது, கை செய்வதை வாய்விட்டு ஆங்கிலத்தில் சொல்லுங்கள், போனில் பதிவு செய்து கேளுங்கள். விருந்தினர் வந்து நின்றால் அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் தொடங்குங்கள். மூன்று மாதம் கழித்து எப்படிப் போகிறது என்று எழுதுங்கள், எங்கே தடுக்குகிறதோ அங்கிருந்து மேலே பார்ப்போம்.