பெரிய கையை வென்ற சின்னக் கை

"பெரிய முதல் போட்டவர்கள் வந்துவிட்டார்கள், இனி நம் கடைக்கு யார் வருவார்?" என்று முத்தையாபுரத்து உறுப்பினர்கள் சிலர் சோர்ந்து பேசக் கேட்கிறோம். அவர்களுக்காக இம்மாதப் பாடத்தைச் சதுரங்கப் பலகையிலிருந்து எடுத்துக்கொள்வோம்.

2022 பிப்ரவரியில் இணையவழி நடந்த ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் போட்டி, 8ஆம் சுற்று. ஒருபுறம் அன்றைய உலகச் சாம்பியன், நார்வே நாட்டு மாக்னஸ் கார்ல்சன். தொடர்ந்து 3 ஆட்டங்களை வென்று வந்தவர். எதிரே 16 வயதுச் சென்னைப் பையன் பிரக்ஞானந்தா. அதுவரை 7 ஆட்டங்களில் அவர் பெற்றது 1 வெற்றி, 2 சமன், 4 தோல்வி. தரப்புள்ளியில் இருவருக்கும் சுமார் 250 வித்தியாசம். கணக்குப்படி 100 ஆட்டம் ஆடினால் சிறியவருக்கு 20 புள்ளி தேறுவதே பெரிது.

கறுப்புக் காய்களுடன் அவர் ஆடியது, ஜெர்மானிய மருத்துவர் டாராஷ் (1862-1934) பெயரால் வழங்கும் பழைய தொடக்கமுறை. வெள்ளையின் நடுக்களத்தைத் தொடக்கத்திலேயே சிப்பாயால் இடிப்பது இதன் சாரம். இம்முறையில் பலவேளை ஒரு சிப்பாய் துணையின்றித் தனித்து நிற்கும், அது நஷ்டம். ஆனால் மற்ற காய்கள் தடையின்றி நடமாடும், அது லாபம். 1969 உலகப் பட்டப் போட்டியில் ஸ்பாஸ்கி இம்முறையை நம்பி ஆடினார்.

முப்பது நகர்த்தல்களுக்குமேல் பையன் ஈடுகொடுத்து நின்றார். கார்ல்சன் தவறினார். 39 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது. கொரோனாவுக்குப் பின் உடல் இன்னும் தேறவில்லை என்று கார்ல்சன் சொன்னதையும் கணக்கில் வைப்போம். பெரியவர் தவறும் வேளையில் நாம் களத்தில் இருக்கவேண்டும். முன்பே கடையைச் சாத்தியவனுக்கு அந்த வேளை பயன்படாது.

நாம் கொள்ளவேண்டியவை மூன்று:

1. நேற்றைய நஷ்டத்தை இன்றைய வியாபாரத்தில் கலக்காதீர்கள். 4 தோல்விக்குப் பின்தான் இந்த வெற்றி.

2. முதல் சிறிதானால் சரக்கு வேகமாகப் புரளட்டும். முடங்கிய சரக்கு, நகராத காய்.

3. ஒரு நல்ல நாளை நம்பிக் கைமீறிக் கடன் வாங்காதீர்கள். அப்போட்டியில் பிரக்ஞானந்தா முதல் எட்டுப் பேரில் வரவில்லை. கோப்பை கார்ல்சனுக்கே போயிற்று.

ஆயினும் பையன் பயிற்சியை விடவில்லை. 2024 மே மாதம் நார்வேயிலேயே, நெடுநேர முறை ஆட்டத்திலும் கார்ல்சனை வென்றார். நாளைக் காலையும் வழக்கமான நேரத்தில் கடை திறப்போம்.