பாட்டியின் கைக்கடிகாரத்துக்கு என்ன வயது?

டயலில் உள்ள பெயரை மட்டும் நம்ப வேண்டாம். விற்ற கடையின் பெயரையே டயலில் அச்சிடுவது அந்தக் காலத்தில் சகஜம். விவரமெல்லாம் பின்மூடிக்குள்தான். கத்தியால் நெம்பாமல், வாட்ச் ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுத்துத் திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் செல்போனில் படமெடுங்கள்.

தங்கக் கூடு என்றால் முத்திரையைப் பாருங்கள். பழைய ஸ்விஸ் கூடுகளில் பெண்ணின் தலை 18 காரட், அணில் 14 காரட். 375 என்றிருந்தால் 9 காரட். பிரிட்டனில் விற்றவற்றில் இது அதிகம். 1907 ஜூன் முதல் அங்கே இறக்குமதியான தங்க, வெள்ளிக் கூடுகளுக்கும் ஹால்மார்க் கட்டாயமானது. அதிலுள்ள ஒற்றை எழுத்து முத்திரையிட்ட ஆண்டைச் சொல்லும். ஆனால் ஊருக்கு ஊர் எழுத்து வரிசை வேறு. எந்த ஊர் முத்திரை என்று முதலில் கண்டுபிடித்துவிட்டு அட்டவணையைப் பாருங்கள்.

மூடியின் உட்புறம் ஊசியால் கீறிய நுண்ணெழுத்துகள் தெரிகிறதா? பழுதுபார்த்தவர்கள் இட்ட குறிப்புகள் அவை. தேதி இருந்தால், கடிகாரம் அதற்கும் முந்தையது. எனக்கு மிகவும் பிடித்த தடயம் இதுதான். தயவுசெய்து பாலிஷ் போட்டு அழித்துவிடாதீர்கள்.

முள்ளிலும் எண்களிலும் பழுப்பேறிய பூச்சு இருந்தால் சுரண்டவே கூடாது. 1960களுக்கு முந்தையது என்றால் ரேடியமாக இருக்கலாம். ஒளி மங்கினாலும் அதன் கதிர்வீச்சு ஓயாது.