பிடரிப் பிடி

ஆரணியில் நெசவாளர் வீட்டுப் பூனை வெறும் செல்லப் பிராணி அன்று. கஞ்சி தோய்ந்த பாவின் வாசனைக்கு எலி வரும்; எலி ஓரிரவில் அறுத்துப்போட்ட இழைகளைப் பிணைத்துச் சேர்ப்பதற்குள் ஒரு பகற்பொழுது முழுதும் கழிந்துவிடும்; ஆகையால் தறி இருக்கும் கூடத்தில் பூனையும் இருந்தே தீரவேண்டும் என்பது என் பாட்டனார் காலம் முதல் எங்கள் வீட்டில் நின்றுவரும் நியதி. அவ்விதம் வந்து சேர்ந்த கடுவன்கள் இரண்டில் மூத்தது கருப்பன், இளையது செவலை. கருப்பனைத் தெருவெல்லாம் சண்டையிட்டுக் காது கிழிந்து, இரண்டு பிராயமும் கடந்த பிறகே காயடித்தோம். செவலைக்கு ஆறாம் மாதத்திலேயே அது நடந்துவிட்டது. இனிக் கூடல், கூச்சல், சண்டை, நாற்றம் ஆகிய நான்கும் ஒழிந்தன என்று நாங்கள் நிம்மதியாக இருந்த சமயத்தில், ஓர் ஆடி மாதத்து மாலையில், கருப்பன் செவலையின் பிடரியைக் கவ்விப்பிடித்து, முதுகின்மேல் ஏறி, பின்னங்கால்களால் மாறிமாறி மிதித்து, பெட்டையோடு கூடும் கடுவன் என்னென்ன செய்யுமோ அத்தனையும் செய்ததைக் குடும்பத்தார் அனைவரும் பார்க்க நேர்ந்தது.

“காயடிச்சும் புத்தி போகலையேடா! டாக்டர் சரியாப் பண்ணலையோ?” என்றாள் அத்தை. பிள்ளைகள் எதிரில் எனக்கு உண்டான லஜ்ஜையில், கையில் கிடைத்த விளக்குமாற்றால் கருப்பனை இரண்டு அடி அடித்துவிட்டேன். அந்த அடியை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது. ஏனெனில், அடிபட்ட ஒரு நாழிகைக்கெல்லாம் அது மறுபடியும் செவலையைப் பிடித்தது, முன்னிலும் கடுமையாக.

மறுநாள் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் பார்த்தது, என் அத்தையின் சந்தேகத்துக்கு ஆதாரம் உண்டா என்பதைத்தான். கடுவனின் குறியில் நுண்ணிய முட்கள் இருக்கும். அவை விதையின் சுரப்பால் நிலைப்பவை. விதைகள் நீங்கினால் சுமார் ஆறு வாரங்களில் மறைந்துபோகும். காயடித்து வெகுகாலம் ஆகியும் முள் நின்றால், இறங்காத விதை ஒன்று வயிற்றுக்குள் எஞ்சியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். கருப்பனிடம் முள் ஏதும் இல்லை. “ஆபரேஷன்ல குறை இல்லைங்க. உடம்பு மறந்துடுச்சு, பழக்கம் மறக்கல. அதை அடிக்காதீங்க, ரெண்டுக்கும் நடுவுல என்ன நெருக்கடின்னு வீட்டுல பாருங்க” என்றார் அவர்.

பழக்கம் மறக்கவில்லை என்பது ஊகமன்று. 1958-ஆம் ஆண்டிலேயே ரோசன்பிளாட், ஆரன்சன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், கூடி அனுபவப்பட்ட பின் காயடிக்கப்பட்ட கடுவன்களிடம் அந்தச் செய்கை நெடுநாள் தொடரக்கூடும் என்பதையும், அனுபவம் வருவதற்கு முன்பே காயடிக்கப்பட்டவை அவ்விதம் நடந்துகொள்வது அரிது என்பதையும் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். கடுவனைக் காயடிக்க எண்ணுவோர் ஐந்து ஆறு மாதத்திலேயே அதை முடித்துவிடுவது நலம் என்று நான் எல்லோரிடமும் சொல்லிவருவதற்கு இதுவே காரணம்.

ஆனால் பழக்கம் மட்டுமே காரணமானால், ஒரு வருஷம் சும்மா இருந்த கருப்பன் அந்த ஆடியில் ஏன் தொடங்க வேண்டும்? இக்கேள்வி என்னை விடவில்லை. தறியில் உட்கார்ந்தபடியே பத்து நாள் கவனித்தேன். குழித்தறியில் நெசவாளன் கால் தொங்கவிட்டு மிதி போடும் குழியின் ஓரத்தில், மண் குளிர்ச்சியாக இருக்கும் ஒரு சாண் விளிம்பு உண்டு. கோடை முழுவதும் அது கருப்பனுடைய இடம். அந்த மாதத்தில் பின்கட்டில் இன்னொரு தறி போட்டதால், புழக்கடைக்குப் போகும் கதவை அடைத்திருந்தோம். செவலை வழக்கமாகப் படுக்கும் பரண்மேல் நூல் மூட்டைகள் ஏறிவிட்டன. ஆக, செவலையும் அதே விளிம்புக்கு வரலாயிற்று. கருப்பன் உறுமவில்லை, அறையவில்லை. வாசற்படியின் குறுக்கே படுத்து வழியை அடைத்துக்கொண்டு, இமை கொட்டாமல் வெறித்துப் பார்த்தது. செவலை காதைப் பின்னுக்கு மடித்து, வால் நுனியைச் சுழற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நகரப் பார்க்கும், நகர இடமிராது, அந்த நொடியில்தான் பிடரியில் பல் விழும்.

பூனைகளுக்குள் நாய்க் கூட்டத்தைப்போல ஒரு தலைவனும் படிப்படியான பரிவாரமும் கிடையா. காலையில் ஒன்று படுத்த இடத்தில் மாலையில் மற்றொன்று படுக்கும். இப்படிப் பொழுதைப் பங்கிட்டு, ஒன்றையொன்று விலகி வாழ்வதே அவற்றின் சுபாவம். விலக இடமில்லாதபோது பழைய அங்கசேஷ்டை வெளிப்படுகிறது. வைஷ்ணவர்கள் சரணாகதிக்கு எடுத்துக்காட்டும் மார்ஜார நியாயத்தில், தாய்ப்பூனை பிடரியைக் கவ்வியதும் குட்டி அசையாமல் தொங்கும் அல்லவா? அதே இடத்தைத்தான் கடுவனும் கவ்வுகிறது. அகப்பட்ட பூனையும் அதேபோல் அடங்கிவிடுகிறது. காமம், ஆதிக்கம் என்று நாம் பெயரிட்டு லஜ்ஜைப்படும் அச்செய்கையில் எங்கள் வீட்டில் நான் கண்டது பெரும்பாலும் நெருக்கடிதான்.

புழக்கடைக் கதவின் கீழே ஒரு சிறு திட்டிவாசல் வெட்டினேன். பரணில் பாதியைக் காலிசெய்து பழைய கோணி விரித்தேன். சோற்றுத் தட்டுகளை ஒன்றை மற்றது பார்க்காத இரு மூலைகளில் வைத்தேன். மலம் கழிக்க, கமண்டல நாகநதி மணல் நிரப்பிய தட்டுகள் இரண்டு பூனைக்கு மூன்று. ஒன்றின் வாயிலை மற்றொன்று அடைத்தாலும் வேறு வழி இருக்க வேண்டும் என்பதற்காக. மாலையில் கருப்பனின் மனம் அலையும் நேரத்தில் கால் நாழிகை விளையாட்டுக் காட்டினேன். விளையாட்டுக்குக் கழிவுப் பட்டிழையைக் கட்டிவிடுவது எங்கள் தெருவில் சகஜம். அதை அறவே விட்டுவிடுங்கள். விழுங்கிய இழை குடலைச் சுருக்கி அறுத்துவிடும். ஆசனவாயில் நுனி தெரிந்தாலும் கையால் இழுக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும். நான் துணிப்பந்தைத்தான் உருட்டினேன். பூனைவணங்கி என்று மறுபெயர் பெற்ற குப்பைமேனியின் வேரைப் போட்டால் சாந்தமாகும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு அதையும் போட்டுப் பார்த்தேன்; இரண்டும் அதன்மேல் புரண்டு, பிறகு அதற்காகவே சண்டையிட்டன. எங்கள் வீட்டுக்கு அது ஆகவில்லை.

இன்னொன்று. இந்தச் சேஷ்டை திடீரெனத் தோன்றி, கூடவே பூனை அடிக்கடி குறியை நக்கினாலோ, மணலில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டாலோ, குணத்தைத் திருத்தும் யோசனையை ஒதுக்கிவைத்து அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடுவனுக்கு நீரடைப்பு ஓரிரு நாளில் உயிரைக் கொண்டுபோகும்.

மாற்றங்கள் செய்து மூன்று வாரத்தில், நாள்தோறும் நடந்தது வாரத்துக்கு ஒருமுறை ஆயிற்று. இப்போது எப்போதாவது, பாவு தோயும் நாட்களில் வீடு நிறைய ஆட்கள் வந்து கதவுகள் அடைபடும்போது மட்டும் நடக்கிறது. அப்போது நான் கை ஓங்குவதில்லை. தறிக்கட்டையை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவேன். கருப்பன் பிடியைத் தளர்த்தி நிமிர்ந்து பார்க்கும். அதற்குள் செவலை திட்டிவாசல் வழியே புழக்கடைக்குப் போய்விடும்.